சித்திரக்கதை நாயகரும் திரைப்படமும்: ஓர் இரசிகனின் நோக்கு

அச்சில் பிறந்த கதை திரைக்குச் செல்லும்போது எதனைப் பெறுகின்றது, எதனை இழக்கின்றது என்ற வினா நாவலிலக்கியத்தைப் பொறுத்தவரையில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்த ஒன்றாகும். சித்திரக்கதையைப் பொறுத்தவரையில் கல்வியுலகம் அவ்வினாவை மிகவும் காலந்தாழ்த்தியே எழுப்பிற்று. சிறுவர்க்குரிய மலிவுப் பண்டம் என்ற எண்ணமே அதற்குத் தடையாக இருந்தது எனலாம். ஆயின் இரசிகர்கள் அறிஞர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அதிமானுட நாயகர் திரையிலே தோன்றத் தொடங்கிய நாள்முதலாக, 'எங்கள் நாயகன் இவனல்லன்' என்று முறையிடுவோரும், 'இவனே அவன்' என்று வாதிடுவோரும் இருந்தே வந்துள்ளனர்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரிலே பிறந்து வளர்ந்து, இன்று எழுபது வயதை அண்மித்துவிட்ட இரசிகன் ஒருவனிடத்து இவ்வினா சற்று வேறான வடிவத்தை எடுத்துள்ளது. படம் முடிந்து அரங்கில் விளக்குகள் எரியத் தொடங்கிய பின்னரும் அவன் கதிரையை விட்டு எழுவதில்லை. இப்பொழுதெல்லாம் மற்றவர்களும் எழுவதில்லை என்பது உண்மையே. அவர்கள் காத்திருப்பது பெயர்ப்பட்டியலின் பின்னால் வரும் துணுக்குக் காட்சிக்காக. அவன் காத்திருப்பது பெயர்களுக்காக. ஆயிரக்கணக்கான பெயர்கள் மேலேறிச் செல்லும் அப்பட்டியலிலே ஒரேயொரு வரியை அவனுடைய கண்கள் தேடுகின்றன. இந்நாயகனைப் படைத்தவர் இன்னார் என்னும் வரியே அது.

இப்பழக்கம் அவனுக்கு இளமையில் இருந்ததன்று. 1960களின் நடுப்பகுதியில், 12 சதம் கொடுத்து வாங்கிய சித்திரக்கதை இதழ்களை வாசித்து முடித்ததும், கத்தரிக்கோலை எடுத்து நாயகரின் உருவங்களை மட்டும் வெட்டித் தன் படுக்கையறைச் சுவரிலே ஒட்டி மகிழ்ந்த சிறுவன் அவன். எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் அடங்கிய சிறு கட்டம் கத்தரிக்கோலின் மறுபுறத்தே விழுந்து குப்பைக்குச் சென்றது. பறக்கும் மனிதனுக்கும் சுவரேறும் மனிதனுக்கும் இடையே எழுத்துக்கள் எதற்கு என்றே அவன் எண்ணினான். பிற்காலத்திலே அவனை உறுத்தியது, அவ்விதழ்கள் இன்று என்ன விலைபோகும் என்ற கணக்கன்று. அக்குப்பைக் கடதாசியின் நினைவே.

சுப்பர்மேன் பிறந்தது அவன் பிறந்த அதே நகரிலாகும். கிளென்வில் உயர்நிலைப் பாடசாலையிலே சந்தித்துக்கொண்ட ஜெறி சீகல், ஜோ ஷஸ்ரர் என்னும் இருவரும் 1914இல் பிறந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒருவர் எழுதினார், மற்றவர் வரைந்தார். பல ஆண்டுகளாகப் பத்திரிகை நிறுவனங்களால் நிராகரிக்கப்பட்ட அவர்களுடைய கதை, 1938 ஜூன் மாதம் எனத் திகதியிடப்பட்ட 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழிலே 13 பக்கங்களில் வெளிவந்தது. பக்கத்துக்கு 10 டொலர் வீதம் 130 டொலர் அவர்களுக்குக் கிடைத்தது. அத்தொகையோடு நாயகன் மீதான உரிமை முழுவதும் வெளியீட்டாளர்க்குச் சென்றுவிட்டது. அத்தொகையை உள்ளடக்கிய காசோலை 2012இல் ஏலத்தில் 160,000 டொலருக்கு விற்பனையாயிற்று. அம்முதலிதழின் பிரதியொன்று 2024இல் 60 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. உழைப்புக்கு அளிக்கப்பட்ட கூலிக்கும், அவ்வுழைப்பின் விளைபொருள் சந்தையில் பெற்ற பெறுமதிக்கும் இடையிலான தூரத்தை விளக்க இதனிலும் சிறந்த உதாரணத்தைத் தேடவேண்டியதில்லை.

1947இல் இருவரும் வழக்குத் தொடர்ந்தனர். அடுத்த ஆண்டு வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அதன் பின்னர் கதையின் முதற்பக்கத்திலிருந்து அவர்களுடைய பெயர்கள் நீக்கப்பட்டன. ஆக, நமது இரசிகன் வெட்டி ஒட்டிய சுப்பர்மேன் பக்கங்களிலே வெட்டியெறிவதற்குக்கூட அப்பெயர்கள் இருக்கவில்லை. அவன் கையிலிருந்த கத்தரிக்கோலுக்கு முன்னரே வேறொரு கத்தரிக்கோல் அங்கு வேலை செய்திருந்தது.

இனி, பக்கத்துக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டை அவன் எவ்வாறு உணர்ந்தான் என்பதை நோக்குதல் பொருந்தும். சிலந்தி மனிதனாகிய ஸ்பைடர்மேன் 1962இல் ஸ்ரான் லீ, ஸ்ரீவ் டிற்கோ ஆகியோரின் ஆக்கமாக வெளிவந்தவன். அத்தொடரின் 33ஆவது இதழ் 1966 பெப்ரவரித் திகதியைத் தாங்கியது. பாரிய இயந்திரமொன்றின் கீழ் நாயகன் நசுங்கிக் கிடக்கின்றான். மேற்கூரையிலிருந்து நீர் கசிகின்றது. அவனுடைய பெரிய தாயாரின் உயிரைக் காக்கவல்ல மருந்து, கைக்கெட்டாத தூரத்தில் நிலத்திலே கிடக்கின்றது. நிகழ்ச்சி என்று சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. ஒருவன் ஒரு பாரத்தைத் தூக்க முயல்கின்றான், அவ்வளவே. ஆயினும் டிற்கோ அதனைப் பக்கம் பக்கமாக வரைந்து செல்கின்றார். முதுகு சற்று உயர்கின்றது, தளர்கின்றது, கண்கள் மூடுகின்றன, மீண்டும் உயர்கின்றது. ஐந்தாவது பக்கம் முழுவதையும் ஒரே சித்திரம் நிரப்புகின்றது. பாரம் அவன் தோளைவிட்டு நீங்குகின்றது.

அப்பக்கத்தைச் சிறுவன் எவ்வாறு வாசித்தான் என்பது இன்றும் அவனுக்கு நினைவிருக்கின்றது. முடிவு கண்ணிற் பட்டுவிடுமோ என்று அஞ்சி, அடுத்த பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகச் சென்றான். ஒரு கட்டத்திலிருந்து மறுகட்டத்துக்குச் செல்ல எடுத்த நேரம் அவனுடையதாகவே இருந்தது. கட்டங்களுக்கிடையேயுள்ள வெள்ளை இடைவெளியில் நாயகன் மூச்சு வாங்கினான். சிறுவனும் மூச்சு வாங்கினான். தூக்குவதா விடுவதா என்ற தீர்மானம் ஓரளவுக்குத் தன் கையிலேயே தங்கியிருந்ததாக அவன் நம்பினான். சித்திரக்கதை வாசகனுக்கு அளிக்கும் பெரும் பொறுப்பு இதுவெனலாம். திரைப்படம் இதனை அளிக்க முடியாது. அங்கே காலம் நெறியாளருக்குச் சொந்தமானது.

2017இல் வெளிவந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' என்னும் படத்திலே அதே காட்சி வேறு உருவில் இடம்பெற்றது. இடிந்த கட்டடத்தின் கீழ்க் கிடக்கும் நாயகனுக்கு வயது பதினைந்து. தேங்கிய நீரிலே அவனுடைய முகத்தின் பாதியும் முகமூடியின் பாதியும் ஒன்றாகத் தெரிகின்றன. முதலில் அவன் உதவி கேட்டு அழுகின்றான். எவரும் வராதபோது தன்னைத் தானே பெயர் சொல்லி ஊக்கி எழுகின்றான். இரசிகன் இக்காட்சியைக் குறைகூறும் நோக்குடனேயே பார்க்கத் தொடங்கினான் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவ்வழுகை அவனைத் தோற்கடித்தது. டிற்கோவின் சித்திரத்தில் வலிமை இருந்தது. ஒரு பிள்ளையின் பயந்த குரல் இருக்கவில்லை. மை அதனைத் தரவல்லதன்று.

திரை தரவல்லது எது என்பதை அவன் முதலில் கண்டுகொண்டது 1978இல் ஆகும். அதற்கு முன்னர் வந்த முயற்சிகள் பல. 1948இன் தொடர்படத்திலே நாயகன் பறக்கவேண்டிய கட்டம் வந்ததும் நடிகர் மறைந்து கேலிச்சித்திர உருவம் பறக்கும். சிறுவர்கள்கூட அதனை மன்னித்தார்களேயன்றி நம்பவில்லை. றிச்சாட் டொனர் நெறிப்படுத்திய 'சுப்பர்மேன்' படத்திலே, படப்பிடிப்புக் கருவியினதும் படவீழ்த்தியினதும் வில்லைகள் ஒருசேர அசையும் உத்தி கையாளப்பட்டது, மனிதன் பறந்தான். ஆனால் இரசிகனை வியக்கவைத்தது பறத்தலன்று. கதாநாயகியின் வீட்டிலே, அவள் அடுத்த அறைக்குச் சென்ற வேளையில், கிறிஸ்ரபர் றீவ் கண்ணாடியைக் கழற்றுகின்றார். வளைந்த தோள்கள் நிமிர்கின்றன, உயரம் கூடுகின்றது, குரல் மாறுகின்றது. உண்மையைச் சொல்லிவிட நினைத்து, பின் துணிவிழந்து, மீண்டும் கூனிக் கண்ணாடியை அணிந்துகொள்கின்றார். ஒரு மூக்குக் கண்ணாடி ஒருவனை எவ்வாறு மறைக்கும் என்று நாற்பது ஆண்டுகளாகப் பரிகசிக்கப்பட்டு வந்த கதைக்கு ஒரு நடிகனின் உடல் சில கணங்களில் விடையளித்தது.

அப்படம் ஒரு திரைச்சீலை விலகுவதோடு தொடங்குகின்றது. 1938 ஜூன் என்ற திகதி தோன்ற, ஒரு பிள்ளையின் கை 'அக்ஷன் கொமிக்ஸ்' இதழின் பக்கத்தைப் புரட்டுகின்றது. அரங்கிலிருந்த இளைஞன் அதனைக் கண்டு கண்கலங்கினான். அதன்பின் திரையிலே பாய்ந்துவந்த பெயர்களுள், படைத்தவர்கள் சீகலும் ஷஸ்ரரும் என்ற வரியும் வந்தது. அது எவ்வாறு அங்கு வந்தது என்பதை அவன் சில ஆண்டுகளின் பின்னரே அறிந்தான்.

5 கோடியே 50 இலட்சம் டொலர் செலவில் தயாரான அப்படத்துக்கான ஏற்பாடுகள் 1975இல் நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, சீகல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சொற்ப ஊதியத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். ஷஸ்ரரின் கண்பார்வை பெரும்பாலும் மங்கிவிட்டிருந்தது. சுவருக்கு அப்பால் ஊடுருவிக் காணும் விழிகளை வரைந்தவரின் நிலை அது. படம் தோல்வியடையவேண்டும் என்று சபித்துச் சீகல் பத்திரிகைகளுக்கு நீண்டதோர் அறிக்கையை அனுப்பினார். நீல் அடம்ஸ், ஜெறி றொபின்சன் முதலிய சித்திரக் கலைஞர்கள் அவருக்காகக் குரலெழுப்பினர். அவ்வாண்டு டிசெம்பரிலே, இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும் பெயர் குறிக்கப்படும் உரிமையும் வழங்கப்பட்டன. சட்டம் அதனை வழங்கவில்லை, வெட்கம் வழங்கிற்று. தான் கண்கலங்கிய அத்தொடக்கக் காட்சியை இரசிகன் அதன்பின் பழைய கண்களோடு பார்த்ததில்லை.

வௌவால் மனிதனான பற்மேனின் கதை இன்னும் கசப்பானது. 1939இல் தோன்றிய அந்நாயகனைப் படைத்தவர் பொப் கேன் என்றே எங்கும் அச்சிடப்பட்டது. முதலிற் கேன் வரைந்த உருவம் சிவப்பு ஆடையும் விறைத்த சிறகுகளும் கொண்டது. செவிகள் நிமிர்ந்த தலைக்கவசம், விரியும் மேலங்கி, சாம்பல் நிறம் ஆகியவற்றை முன்மொழிந்தவரும் முதற்கதையை எழுதியவரும் பில் பிங்கர் ஆவார். 1974இல் அவர் வறுமையிலே மறைந்தார். 1989இல் ரிம் பேர்ட்டனின் படம் வெளிவந்தபோது, நாயகனின் பெற்றோரைக் கொன்றவன் ஜோக்கரே எனக் கதை மாற்றப்பட்டமைக்காக இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். நமது இரசிகனும் நண்பர்களோடு இரவிரவாக வாதாடினான். அதே படத்தின் பெயர்ப்பட்டியலில் பிங்கர் இல்லை என்பதைப் பற்றி அன்று அவர்களுள் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அதே ஆண்டிலே வெளியிட்ட தன்வரலாற்று நூலில், பிங்கருக்கு உரியது கிடைக்கவில்லை என்று கேனே ஒப்புக்கொண்டார். எனினும் திரைப்படமொன்றின் பட்டியலில் பிங்கர் பெயர் சேர 2016 வரை செல்லவேண்டியிருந்தது. மார்க் ரைலர் நோபிள்மன் என்னும் எழுத்தாளர் தேடிச் சென்று பிங்கரின் பேத்தியைக் கண்டறிந்திராவிடில் அதுவும் நிகழ்ந்திருக்குமோ என்பது ஐயத்துக்குரியது.

இவற்றுக்கெல்லாம் எதிரிடையான நிகழ்வொன்றும் உண்டு. அலன் மூர் எழுதி டேவ் கிபன்ஸ் வரைந்த 'வொச்மென்' 1986-87 காலப்பகுதியில் 12 இதழ்களாக வெளிவந்தது. ஒன்பது கட்டங்களாக வகுக்கப்பட்ட பக்கங்கள். ஐந்தாவது இதழில் முதற்பக்கத்தின் அமைப்பைக் கடைசிப் பக்கம் கண்ணாடிபோற் பிரதிபலிக்கும். வாசகன் முன்னும் பின்னும் புரட்டினாலன்றி அது புலப்படாது. நூல் அச்சில் இல்லாது போகுமிடத்து உரிமை படைப்பாளிகளுக்கு மீளும் என்பது ஒப்பந்தம். நூல் அச்சில் இல்லாது போகவேயில்லை. 2009இல் அது படமாகியபோது, கட்டத்துக்குக் கட்டம் மூலத்தைப் பின்பற்ற நெறியாளர் முயன்றார். மூரோ தமது பெயரை இடவேண்டாம் என்று மறுத்துவிட்டார். பட்டியலிலே கிபன்ஸின் பெயர் மட்டுமே வந்தது. தேடிய வரி பாதி வெறுமையாகக் கடந்து சென்றபோது இரசிகன் திகைத்தான். ஒருவர் தம் பெயருக்காக வாழ்நாள் முழுவதும் இரந்து நின்றார். மற்றவர் அதனை எடுத்துவிடுங்கள் என்றார். இரண்டும் ஒரே காயத்தின் இரு வெளிப்பாடுகள் என்றே அவனுக்குத் தோன்றியது. பணத்தைப் பொறுத்தவரையில் இத்துறை எங்கு சென்றுவிட்டது என்பதற்கு, 2019இல் வெளியான 'அவெஞ்சர்ஸ்: என்ட்கேம்' உலகெங்கும் சுமார் 280 கோடி டொலர் ஈட்டியமையைக் கூறினாற் போதும். அந்நாயகருட் பலரை வரைந்துதவிய ஜக் கேர்பி 1994இல் மறைந்தார். அவருடைய பிள்ளைகளின் வழக்கு 2014இலேயே இணக்கத்துக்கு வந்தது.

2024 கோடையிலே ஜேம்ஸ் கன் நெறிப்படுத்திய புதிய 'சுப்பர்மேன்' படத்தின் சில காட்சிகள் கிளீவ்லாந்தின் தெருக்களில் படமாக்கப்பட்டன. தடுப்புவேலிக்கு அப்பால் நின்ற கூட்டத்தில் இரசிகனும் நின்றான். அடுத்த ஆண்டு படம் வந்தபோது அவன் பேரனோடு சென்றான். விளக்குகள் எரிந்த பின்னரும் வழமைபோல் இருந்தான். சீகலினதும் ஷஸ்ரரினதும் பெயர்களைச் சுட்டிக் காட்டியபோது, இவர்கள் எந்தப் பாத்திரத்தில் நடித்தவர்கள் என்று பேரன் கேட்டான்.

மறுநாள் அவனைக் கிளென்வில் பகுதிக்கு அழைத்துச் சென்றான். சீகலின் வீடு அங்கே இன்னும் இருக்கின்றது. ஷஸ்ரரின் குடும்பம் வாழ்ந்த வீடு இல்லை. அந்நிலத்தைச் சுற்றியுள்ள வேலியிலே, 1938இன் அக்கதைப் பக்கங்கள் ஆளுயரத்துக்குப் பெருப்பித்து மாட்டப்பட்டுள்ளன. முதற்பக்கத்தின் மேற்பகுதியில், நாயகனின் பெயருக்கு அருகே, பின்னாளில் நீக்கப்பட்ட இரு பெயர்களும் அன்று அச்சானபடியே இருக்கின்றன. பேரன் அவற்றை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தான். பின் அடுத்த கட்டத்துக்குச் சென்றான்.