இரவில் வியர்ப்பவர்களுக்கு எந்த மெத்தை?



இப்பகுதியில் வழக்கமாக வாசிப்புப் பயிற்சி, இலக்கணம், கட்டுரை ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகின்றேன். இம்முறை மெத்தையைப் பற்றி எழுதுகின்றேன். சிரிக்க வேண்டாம். எங்கள் ஆசிரியர் அறையில் நாற்பதைக் கடந்த பெண்கள் நால்வர் இருக்கின்றோம். அவர்களுள் என்னையும் சேர்த்து மூவருக்கு இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்க்கின்றது. இதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவே எங்களுக்கு ஈராண்டு பிடித்தது.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகின்றது. உடல் வெப்பத்தைக் கண்காணிக்கும் மூளைப்பகுதி அதன்பின் சிறிய வெப்ப ஏற்றத்தையும் பொறுப்பதில்லை. தோலின் குருதிக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகின்றது, சிறிது நேரத்தில் குளிரெடுக்கின்றது. பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து உடை மாற்றியவர், காலை ஏழு மணிக்கு முன் பள்ளி வாயிலில் நின்று பிள்ளைகளுக்கு முகமலர்ச்சியோடு வணக்கம் சொல்ல வேண்டும். தூக்கமற்ற ஆசிரியரிடம் முதலில் குறைவது பொறுமைதான். அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஒன்றாம் ஆண்டுக் குழந்தைகள்.

ஆகவே, சென்ற ஆண்டு கோல சிலாங்கூரிலும் கிள்ளானிலும் மெத்தைக் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கினேன். எங்குச் சென்றாலும் விற்பனையாளர் என் உள்ளங்கையை மெத்தையின் மேல் வைக்கச் சொன்னார். “குளுகுளுவென்று இருக்கிறதா, பாருங்கள்!” இருக்கத்தான் செய்தது. ஆனால், அது தொட்ட நொடியின் குளுமை. துணித் தொழிலில் இதை அளப்பதற்கு ‘கியூ மேக்ஸ்’ என்றோர் அளவு உண்டு. தொட்டவுடன் தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாகத் துணிக்குப் பாய்கின்றது என்பதையே அது காட்டும். மூன்று மணி நேரம் கழித்து முதுகு எப்படியிருக்கும் என்பதை அது காட்டாது.

நம்மைக் குளிர்விப்பது வியர்வை அன்று, வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் விரிப்பில் ஊறினால் உடல் நனையுமே ஒழிய வெப்பம் தணியாது. நம் வட்டாரத்திலோ ஒருபுறம் மலாக்கா நீரிணை. மறுபுறம் தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வரை நெல்வயல். இரவுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கின்றது. எனவே, ‘இது குளிர்ச்சியான மெத்தையா?’ என்று கேட்பதைவிட, ‘இதனுள் காற்றுப் புகுந்து வெளியேறுமா?’ என்று கேட்பதே பயனுள்ளது.

‘மெமரி ஃபோம்’ எனப்படும் நுரை, 1966இல் அமெரிக்காவின் நாசா அமைப்புக்காக, விமான இருக்கைகளை எண்ணி உருவாக்கப்பட்டது. உடல் சூட்டில் அது இளகி நம்மை உள்வாங்கிக் கொள்ளும். முதுகுவலிக்காரர்களுக்கு அது சுகம். வியர்ப்பவர்களுக்கோ காற்றுப் புகும் வழி அடைபடுகின்றது. அதன்மீது நீலநிற ‘ஜெல்’ பூசி விற்கின்றார்கள். ஜெல் நம் சூட்டை உறிஞ்சும். தானும் அதே சூட்டை எட்டியதும் அதன் பணி முடிந்தது. இளகி உறையும் மெழுகுத் துகள்களைக் கொண்ட விலையுயர்ந்த வகையும் உண்டு. அவை பொதுவாக 28 பாகையை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இளகுபவை. பகலெல்லாம் தகரக் கூரையின் கீழ்க் காய்ந்த அறையில், நாம் படுக்கப் போகும் முன்னரே அவை இளகிக் கிடக்கும். குளிர்சாதனம் இரவு முழுதும் ஓடும் வீட்டிற்கு அவை பொருந்தலாம். அப்படிப்பட்ட வீட்டில் அந்த மெத்தை எதற்கு என்பது வேறு கேள்வி!

தனித்தனி உறைச் சுருள்வில் வைத்த மெத்தையில் காற்றுப் புழங்க நிறைய இடமுண்டு. ரப்பராக்கிய தென்னைநார் மெத்தை கடினமானது; ஆயினும் காற்றோட்டம் நன்று. நான் தேர்ந்தெடுத்தது ரப்பர்ப் பாலில் செய்த லேட்டக்ஸ் மெத்தை. ரப்பர்ப் பாலை நுரையாக்கி உறைய வைக்கும் முறையை 1929இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் கண்டறிந்தனர். அச்சிலுள்ள ஊசிகள் விட்டுச்செல்லும் துளைகள் வழியே காற்றுப் போய்வரும். ‘முழுவதும் இயற்கை ரப்பரா, செயற்கை கலந்ததா?’ என்று கேட்டு அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தாயார் பத்தாங் பெர்ஜுந்தை (2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊர்) அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆயுள் முழுதும் சிமெந்துத் தரையில் மெங்குவாங் பாயில் படுத்தார். அவர் சுமந்த பால் லாரியில் ஏறிச் சென்றதை மட்டுமே அவர் அறிவார். அதே பாலில் செய்த மெத்தைக்கு நான் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரிங்கிட் கொடுத்த அன்று அவருடைய நினைவு வந்தது.

பாயின் அருமையையும் சொல்ல வேண்டும். காற்றும் ஈரமும் தங்காத படுக்கை அது. லயத்து வீடுகளில் ஞாயிறுதோறும் வெயிலில் காய்ந்த இலவம்பஞ்சு மெத்தையும் அப்படியே. காயவைத்தால்தான் அது மெத்தை, இல்லையேல் கட்டிப்போன மூட்டை. நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு: புதுமை கெடாதிருக்கக் கடை நெகிழி உறையைக் கழற்றாமலே படுப்பது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெத்தையும் அந்த உறைக்குள் வியர்வைத் தொட்டியாகிவிடும். கழற்றிவிடுங்கள். மெத்தைக்குக் கீழே பலகை அடைப்பு வேண்டாம். இடைவெளி விட்ட சட்டங்கள் போதும். மேலே பருத்தி விரிப்பு, பக்கத்தில் மின்விசிறி. பழைய பருத்தி வேட்டியை விஞ்சிய விரிப்பை நான் எந்தக் கடையிலும் காணவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இனிதான் வருகின்றது. சில மாதங்களுக்கு முன் மாணவர் ஒருவரின் தாயார் என்னிடம் வந்தார். “டீச்சர், தோட்டத்துக்கு லாரியில மெத்த விக்க வந்திருக்காங்க. குளிர் மெத்தயாம், தவணயிலயும் தர்றாங்களாம். வீட்டுக்காரருக்கு ராத்திரி ரொம்ப வேர்க்குது. வாங்கலாமா?” விலை 3,800 ரிங்கிட். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். இன்னும் நாற்பது ஆகவில்லை. வேறு என்ன தொல்லை என்று கேட்டேன். ஒரு மாதமாக இருமல். கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை.

“மெத்தை இருக்கட்டும்மா. நாளைக்கே அவரை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க” என்றேன். சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் காசநோய் உறுதியானது. ஆறு மாதச் சிகிச்சை, மருந்துக்குக் கட்டணமில்லை. வீட்டிலிருந்தோர் அனைவரையும் பரிசோதித்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த நாளில்தான் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது.

இருமல், மெலிவு, விடாத காய்ச்சல், கழலை ஆகியவற்றோடு வரும் இரவு வியர்வைக்கு மெத்தைக் கடை மருந்தாகாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நள்ளிரவில் நடுக்கத்தோடு வியர்த்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே அளந்து பார்க்க வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் கூட வியர்க்க வைக்கும். மாதவிடாய் நிற்கும் பருவத்து வியர்வைக்கும் மருத்துவம் உண்டு. அதைக் கேட்க நாம் கூச வேண்டியதில்லை.

அந்த மாணவரின் தந்தை சிகிச்சையை முடித்து வேலைக்குத் திரும்பிவிட்டார். தோட்டத்து ஸ்டோரில் கழித்துப்போட்ட பலகைகளைக் கேட்டு வாங்கி, விரல் நுழையும் இடைவெளி விட்டுத் தாமே ஒரு கட்டில் அடித்திருக்கின்றார். அதன்மேல் இப்போதைக்குப் பாயும் வேட்டியும்தான். மெத்தையைத் தீபாவளிக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா சொன்னார்.