ஒண்ணு எங்கே, அக்கா?

"அக்கா, இது ரெண்டுன்னா ஒண்ணு எங்க இருக்கு?"

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருபவர்களின் அட்டையைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி. வலது கையில் மூன்று விரல்களுக்கும் சேர்த்து ஒரே கட்டு. கட்டின் ஓரம் அழுக்கேறி நூல் பிரிந்திருந்தது. இடக்கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். சாம்பார் சாதத்தைத் தட்டின் விளிம்புவரை தள்ளிக்கொண்டுபோய், அங்கே அணை கொடுத்துத்தான் கரண்டியில் ஏற்ற முடிந்தது. அவர் காட்டியது மேசைமேல் இருந்த தாளை. அதில் எங்கள் சங்கத்தின் பெயர் இருந்தது: டிடபிள்யூசி2.

நான்கு வருடமாக அங்கே தொண்டூழியம் செய்கிறேன். எனக்கு அந்த 2 கண்ணில் பட்டதே இல்லை. "பார்த்துச் சொல்றேன் தம்பி" என்றேன்.

இங்கே சாப்பிட வருபவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலும் வேலையில் அடிபட்டவர்கள், இல்லையென்றால் சம்பளப் பாக்கிக்காக மனு கொடுத்தவர்கள். வேலை பெர்மிட் ரத்தாகிவிடும். வழக்கு முடியும்வரை கையில் ஒரு ஸ்பெஷல் பாஸ். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது. முதலாளிதான் சாப்பாடும் தங்க இடமும் தரவேண்டும் என்பது விதி. யார்மேல் மனு கொடுத்தார்களோ அந்த முதலாளியிடமே போய் மூன்று வேளையும் தட்டை நீட்டுவது எத்தனை பேரால் முடியும்? ஊரில் ஏஜென்டுக்குக் கட்டிய கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்குப் போன் செய்தால் "சாப்பிட்டியா?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி.

தம்பி கேட்ட அந்த 'ஒண்ணை' முதலில் தப்பான இடத்தில் தேடினேன். தேக்காவில் சோறு என்றாலே வீரமாகாளியம்மன் கோயில் அன்னதானம் ஞாபகத்துக்கு வரும். தமிழர் நலம் என்றால் 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கம், அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி. நம்மவர்கள் நம்மவர்களுக்குச் செய்த ஏதோ ஒன்றின் இரண்டாம் பாகமாகத்தான் இது இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் தளத்தில் இரண்டு சனிக்கிழமைகளைக் கழித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை கான்ஸ்டன்ஸ் சிங்கம், டான் சோங் கீ முதலானோர் தொகுத்து 2002இல் வந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதில் இருந்தது அந்த 'ஒண்ணு'. 1998இல் பெண்கள் அமைப்பு, கலைக்குழு என்று வெவ்வேறு துறையில் இருந்த சிலர் ஒன்றுகூடி 'தி வொர்க்கிங் கமிட்டி' என்று ஒரு செயற்குழு அமைத்திருக்கிறார்கள். குடிமக்கள் தாங்களாகவே சேர்ந்து பொதுக் காரியம் செய்யும் பழக்கத்தை வளர்ப்பதுதான் நோக்கம். சுமார் ஓராண்டு இயங்கிவிட்டு, சொன்னபடியே கலைந்துவிட்டார்கள். தொழிலாளர், தேக்கா, சோறு எதுவுமே அதன் வேலையாக இல்லை.

அப்படியானால் இரண்டு எப்படிப் பிறந்தது? அதைத் தேடப்போய்த்தான் பழைய நாளிதழில் ஒரு பெண்ணைப் பற்றிப் படித்தேன்.

இந்தோனேசியாவிலிருந்து பணிப்பெண்ணாக வந்தவள். 19 வயது. 2001 டிசம்பர் 2ஆம் தேதி இறந்தாள். வரும்போது 50 கிலோ இருந்த உடம்பு, போகும்போது 36. உடலில் 200க்கும் மேற்பட்ட காயங்கள். குழந்தைக்கு வைத்த கஞ்சியின் மிச்சத்தை எடுத்துக் குடித்தாள் என்று வயிற்றில் உதைத்திருக்கிறான் வீட்டுக்காரன். இரைப்பை கிழிந்து இறந்திருக்கிறாள். 2002இல் அவனுக்குப் பதினெட்டரை ஆண்டுச் சிறையும் 12 பிரம்படியும் விதித்தார்கள். அவள் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஊரில் அவளுக்கு இன்னும் உறவுகள் இருக்கும்.

நாளிதழை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 2001இல் நானும் இதே ஊரில்தான் இருந்தேன். அந்தச் செய்தியைப் படித்திருப்பேன். படித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பேன். சிலர் அப்படிக் கிளம்பிப் போகவில்லை. அக்கம்பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒரு பெண் பட்டினியால் 14 கிலோ இளைத்தது எப்படி என்று கேட்டு, 2003இல் மறுபடி ஒன்றுகூடினார்கள். அப்போது நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேமா மதி தலைமை ஏற்றார். பழைய செயற்குழுவின் வழியிலேயே நடப்போம் என்று அதே பெயரோடு ஒரு 2 சேர்த்தார்கள்.

2004இல் முறைப்படி சங்கமாகப் பதிந்தபோது எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு விரிவை மாற்றினார்கள்: 'டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ.' ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கூட' என்பதற்கும் ஒரே ஒலி. தமிழில் அந்த இரண்டு ஓர் 'உம்' ஆகிவிடுகிறது: சில காலம் வந்துபோகும் தொழிலாளரும் கணக்கில் உண்டு. பள்ளியில் எச்ச உம்மை என்று மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. முன்னே சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும் உம்மை அது. அந்த ஓர் 'உம்'முக்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

தொடக்கத்தில் பணிப்பெண்களுக்காகத்தான் உழைத்தார்கள். வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று மற்ற அமைப்புகளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது விதியானது 2013 ஜனவரியில். இதற்கிடையே, வேலையும் இடமும் போய்த் தேக்காவில் தெருவில் படுத்துக் கிடந்த ஆண்கள் அவர்கள் கண்ணில் பட்டார்கள். வழக்கு, இழப்பீடு எல்லாம் பிறகு. முதலில் இவர்கள் சாப்பிட்டார்களா? 2008 மார்ச்சில் அங்கே கஃப் சாலையில் சாப்பாடு தொடங்கியது. அதனால்தான் அந்தச் சாப்பாட்டுத் திட்டத்துக்கு அந்தச் சாலையின் பெயர்.

அடுத்த வாரம் தம்பி வந்தார். கட்டு மாற்றியிருந்தார்கள், வெள்ளையாக இருந்தது. வரிசை குறையும்வரை காத்திருந்து, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கமிட்டிக் கதையைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கஞ்சி என்றதும் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு பேரு என்னக்கா?"

சொன்னேன். நமக்குப் பழக்கமில்லாத பெயர். முதல் தடவை அவர் வாயில் வரவில்லை. இன்னொரு தரம் கேட்டுவிட்டு, மெதுவாக, முழுவதும் சரியாகச் சொன்னார்.