காயம் என்னும் சொல்

'ட்ராமாட்டிக்' என்னும் ஆங்கிலச் சொல் இப்போது காரைக்குடிப் பிள்ளைகளின் நாவிலும் தாராளமாகப் புழங்குகிறது. கணிதத் தேர்வு கடினமாக இருந்தால் ட்ராமாட்டிக். கைப்பேசியை வாங்கி வைத்தால் அதுவும் ட்ராமாட்டிக். தமிழில் எழுதினால் நாடகத்தைக் குறிக்கும் 'டிராமா'வும் இதுவும் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றுவது வேடிக்கையான பொருத்தமே!

இதன் வேர், காயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். விபத்தில் அடிபட்டோரைச் சேர்க்கும் மருத்துவப் பிரிவுக்கு இன்றும் அதுவே பெயர். உடற்காயத்தைக் குறித்த அச்சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உள்ளக் காயத்துக்கும் ஆகிவந்தது. ஆகவே வருத்தம் தந்த அனைத்தையும் அது குறிக்காது; நிகழ்வு முடிந்த பின்னும் ஆறாமல் நிற்பதையே குறிக்கும். கடினமான தேர்வுக்குக் 'கடினம்' என்ற சொல்லே போதும்.

அரபியிலும் துக்கம் வேறு, காயம் வேறு. உஹதுப் போரில் எழுபது தோழர்கள் ஷஹீதான பின் அருளப்பெற்ற ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 139ஆம் வசனத்தில் 'ஹுஸ்ன்' என்னும் துக்கத்தின் வினைவடிவம் வருகிறது. அடுத்த வசனத்திலேயே 'கர்ஹ்', அதாவது காயம். முஃமின்களுக்குக் காயம் பட்டது என்று இறைவனே கூறுகிறான். நாம்தான் அதைக் கூறத் தயங்குகிறோம்.

எங்களிடம் ஓதும் மாணவன் ஒருவன், தந்தையோடு மோட்டார் சைக்கிளில் சென்றபோது நேர்ந்த விபத்தில் அவரை இழந்தான். ஓராண்டு கடந்தும் வண்டிச் சத்தம் கேட்டால் அவன் உடல் நடுங்கியது. "ஸப்ரு செய்யத் தெரியவில்லையே ஹஜ்ரத், ஈமான் பலவீனமோ?" என்று அவனுடைய சிறிய தந்தையார் கேட்டார்.

அவருக்கு வஹ்ஷீ (ரலி) அவர்களின் வரலாற்றைக் கூறினேன். உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற அவர், மக்கா வெற்றிக்குப் பின் இஸ்லாத்தை ஏற்று நபி (ஸல்) அவர்கள் முன் வந்தார். அவருடைய இஸ்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும், தம் பார்வையில் படாதவாறு முகத்தை விலக்கிக்கொள்ள இயலுமா என்று நபியவர்கள் கேட்டதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. உஹது நிகழ்ந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. மன்னிப்பில் குறையில்லை, முகத்தைக் காணும்போது வலித்தது. இதை ஈமானின் பலவீனம் என்று கூற எவருக்குத் துணிவு வரும்?

அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுவாரம் பிள்ளையை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவன் இப்போது மதரஸாவுக்கு நடந்தே வருகிறான். வண்டியில் ஏறச் சொல்லி எவரும் வற்புறுத்துவதில்லை.