மூன்றாவது தகடு

இயந்திரம் கட்டும் தொழிலில் நேர்கோட்டைவிட அரிதான சரக்கு எதுவுமில்லை. வட்டம் எளிது. லேத்தில் மாட்டிச் சுழற்றினால் தானே வந்துவிடும். ஆனால் ஒரு ஸ்லைடு ஒரு மீட்டர் தூரம் கோணாமல் போய்வர வேண்டுமானால், அதன் பாதையை யாரோ நேராக்கித் தந்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளிடம் கேட்டால், கிரைண்டிங் மெஷினில் தீட்டியது என்பார்கள். அந்த மெஷினின் பாதையை எது நேராக்கியது என்றால் சிரிப்பார்கள்.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1840-இல் கிளாஸ்கோவில் நடந்த அறிஞர் கூட்டத்தில், நேரான எதையும் முன்மாதிரியாக வைக்காமலே சமதளம் உண்டாக்க வழி சொன்னார். மூன்று வார்ப்பிரும்புத் தகடுகள் போதும். ஒன்றில் மை தடவி இன்னொன்றை அதன்மேல் நகர்த்தினால், மேடான இடத்தில் மை ஒட்டும். அதை ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். இரண்டும் முழுக்கப் பொருந்தும்வரை இதே வேலைதான். ஆனால் பொருந்திவிட்டதாலேயே அவை சமதளம் ஆகிவிடாது. ஒன்று குழிந்தும் மற்றது அதே அளவு புடைத்தும் இருந்தால்கூடக் கச்சிதமாக ஒட்டும். அதற்குத்தான் மூன்றாவது தகடு. புடைத்ததற்குப் பொருந்த அதைச் சுரண்டினால் அதுவும் குழியும். குழிந்த இரண்டையும் சேர்த்து வைத்ததும் ஓரங்கள் மட்டும் தொடும், குட்டு வெளிப்பட்டுவிடும். மாற்றி மாற்றிச் சுரண்டி, எந்த ஜோடியைச் சேர்த்தாலும் பொருந்தும்போதுதான் மூன்றும் சமதளம். (கால்வட்டம் திருப்பியும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கு ஒளிந்துகொள்ளும்.)

மனிதர்களிடமும் இதே கதைதான். கூட்டுத்தொழில் தொடங்கும் இளைஞர்கள், “எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது” என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பயமாக இருக்கும். ஒருவனுடைய பேராசை இன்னொருவனுடைய அசட்டுத் துணிச்சலில் அழகாகப் பொருந்தியிருக்கலாம். கணவன் மனைவிக்கும் இது நடக்கும். பிள்ளையைக் கெடுப்பதில் சில வீடுகளில் என்ன ஒற்றுமை! மூன்றாவது ஆள் வேண்டும்தான். ஆனால் நமக்குத் தலையாட்டும் நண்பனையே கூப்பிட்டுவிட்டு ஆலோசனை கேட்டோம் என்கிறோம். உங்களோடு ஒத்துப்போகிறவரை உங்கள் கூட்டாளியோடும் தனியாக உட்காரவைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒத்துப்போகிறாரா என்பதில்தான் விஷயம்.

பட்டறையில் இப்போது சுரண்டும் வேலை குறைந்துவிட்டது. இன்று டி.எச்.கே. என்று அறியப்படும் ஜப்பானிய நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த, ஸ்லைடை ரயில்மேல் ஓடவிடும், குண்டுகள் உருளும் எல்.எம். கைடு இன்று எங்கும் இருக்கிறது. அருமையான சாதனம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நேரான பாதையைக் கடையிலேயே வாங்கிவிட்டதாக நினைப்பதில்தான் தவறு. ரயில் மெல்லியது, போல்ட்டை இறுக்கியதும் அடியிலுள்ள, இயந்திரத்தின் அடித்தளமான பெட்டின் கோணலை அப்படியே வாங்கிக்கொள்ளும். குண்டுக் கைடில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும் என்பது கணக்கு. கோணல் பெட்டில் இறுக்கிய கைடு, வேலை தொடங்கும் முன்பே சுமை தாங்குகிறது. விலை கூடிய ரயில் வாங்கும் பணத்தில் பாதியை முதலில் பெட்டுக்குச் செலவிடச் சொன்னால் முதலாளிகளுக்குப் பிடிப்பதில்லை. பெட் யார் கண்ணிலும் படுவதில்லையே!