சட்டை போடாத சுவர்

ஊரப்பாக்கத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. சரியாகச் சொன்னால் முக்கால் வீடு. தளம் போட்டாச்சு, கதவு வைத்தாச்சு, கையிருப்பு தீர்ந்தாச்சு. பூச்சு வேலை பாக்கி. பூச்சு முடிந்தால்தான் கடைசித் தவணை என்கிறது பேங்க். தவணை வந்தால்தான் பூச்சு என்கிறேன் நான். இந்தப் பட்டிமன்றம் ஏழு மாதம் ஓடியது. ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் இ.எம்.ஐ., நடுவில் மாமனார். ஞாயிறு தவறாமல் வந்து, வீட்டை மேலும் கீழும் பார்த்து, "என்ன மாப்ளே, சுவருக்கு இன்னும் சட்டை போடலையா?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் வேலையாகத் திருவனந்தபுரம் போனேன்.

தம்பானூர் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால், எதிரே பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு செங்கல் நிற உருளை. உடம்பெல்லாம் சதுரம் சதுரமாக ஓட்டை. ராட்சசக் கோழிக்கூண்டு என்று நினைத்துக் கிட்டே போனால் காபி வாசனை. இந்தியன் காபி ஹவுஸாம்.

உள்ளே மாடிப்படி கிடையாது. சுருளாக ஏறிக்கொண்டே போகும் ஒரே சரிவுப் பாதை. வெளிச்சுவரை ஒட்டி, கட்டடத்தோடு சேர்த்தே கட்டிவிட்ட மேஜையும் பெஞ்சும். பாதைதான் சரிவு, உட்காரும் இடம் மட்டம். அதனால் உங்கள் காபி பக்கத்து மேஜைக்குப் போகாது. தலையில் விசிறித் தலைப்பாகையோடு சர்வர்கள் தட்டை ஏந்தி ஏறி இறங்குகிறார்கள். மசால் தோசைக்குள் பீட்ரூட். சுவருக்கு மேட்ச்சாக இருந்தது. ஓட்டை வழியாகத் தெரு துண்டு துண்டாகத் தெரிந்தது. காற்று மட்டும் முழுசாக வந்தது.

"யார் கட்டினது?" என்று எதிரில் இருந்தவரைக் கேட்டேன்.

"பேக்கர்."

பேக்கரி முதலாளி என்று நினைத்துக்கொண்டேன். என் பொது அறிவு அவ்வளவுதான்.

லாரி பேக்கர், 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த ஆர்க்கிடெக்ட். சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 'அஞ்சு மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளை வைத்தே வீடு கட்ட வேண்டும்' என்ற காந்தியின் யோசனையைப் பிடித்துக்கொண்டவர், கடைசி வரை விடவில்லை. கேரளத்துப் பெண் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார், இந்தியக் குடிமகன் ஆனார், 1990-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

மறுநாள் சாயங்காலம், நண்பரின் மச்சானைப் பிடித்து, உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போனேன். (உள்ளூர் என்பதே ஊர்ப் பெயர். ஆட்டோக்காரரிடம் "உள்ளூர்" என்றேன். நான் வெளியூர் என்பதை உடனே கண்டுபிடித்துவிட்டார்.) 1970-களில் பேக்கர் கட்டிக் கொடுத்த வளாகம். மரங்களுக்கு நடுவே சுவர்கள் வளைந்து வளைந்து போகின்றன. ஜன்னல் வர வேண்டிய இடத்தில் பாதிக்குமேல் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய பின்னல். இதற்குப் பெயர் 'ஜாலி'. ஜன்னல் கம்பெனிக்காரருக்கு மட்டும் ஜாலி இல்லை.

எங்கேயும் பூச்சு கிடையாது. என் வீடு மாதிரியே! ஆனால் யாரும் பரிதாபப்படவில்லை.

ஒரு சுவர் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு கல் ஆரஞ்சு, அடுத்தது கருஞ்சிவப்பு, ஒன்று மூலையில் மட்டும் கறுத்துப் போயிருந்தது. சூளையில் யார் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தார், யார் தள்ளி இருந்தார் என்பதெல்லாம் முகத்தில் அப்படியே தெரிகிறது. பூசி, புட்டி வைத்து, பெயின்ட் அடித்தால் எல்லாருக்கும் ஒரே முகம்.

கூட வந்தவர் விவரம் சொன்னார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது எலிப்பொறிக் கட்டு. சுவருக்கு நடுவில் பொந்து விழும், அதிலிருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும், செங்கல்லும் கால் பங்கு மிச்சம். கூரையிலும் இதே சிக்கனம். தளத்தின் கீழ்ப்பக்கக் கான்கிரீட் கம்பியைக் கவ்விக்கொண்டிருப்பதைத் தவிர அதிகம் சுமப்பதில்லையாம். எனவே அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டைச் சொருகிவிடுவார் பேக்கர். அண்ணாந்து பார்த்தால் ஓடு வரிசையாகத் தெரியும். அதுதான் டிசைன், தனி அலங்காரச் செலவில்லை.

ராத்திரி ரயிலில் தூக்கமே வரவில்லை. பூச்சுச் செலவு மொத்தமும் மிச்சம்! மாமனாருக்கு என்ன பதில் சொல்வது என்று வசனமெல்லாம் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு என் சுவரைத் தடவினார்.

"சார், இது பூசறதுக்குன்னே கட்டின சுவர். பாருங்க, கலவை வழிஞ்சு கிடக்கு. ஒரு சந்து அரை இஞ்ச், ஒரு சந்து முக்கால். உடைஞ்ச கல்லு வேற. வயரிங்குக்குக் காடி வெட்டியிருக்கு. பூச்சு மறைச்சிடும்னு தெரிஞ்சா யாரு சார் கவனமா கட்டுவா? நீங்க சொல்ற வேலைக்கு ஒவ்வொரு கல்லையும் பொறுக்கி எடுக்கணும், மூஞ்சி பார்த்து வெக்கணும். கூலி ஜாஸ்தி ஆகும்."

ரயிலில் எழுதிய வசனமெல்லாம் வீண். பி.எஃப்.பில் கடன் போட்டேன். பூச்சு நடந்தது, பேங்கும் தவணையைத் தந்தது.

மாடியில் படிக்கட்டு அறை மட்டும் கட்டாமல் இருந்தது. "இதையாவது அப்படிக் கட்டித் தர முடியுமா?" என்று கேட்டேன். மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை வரி ஏத்தினேன்னு கேக்கக் கூடாது" என்றார்.

கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் தட்டிச் சத்தம் கேட்டார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், நாலைத் தள்ளி ஒன்றை எடுத்தார். வழிந்த கலவையைக் காய்வதற்கு முன் ஈரச்சாக்கால் துடைத்தார். ஏழு மாதமாக என் வீட்டில் வேலை செய்தவர்தான். இப்படி ஒரு தரம்கூட நான் பார்த்ததில்லை.

மாமனார் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். ஜாலி ஓட்டையில் கையை விட்டுப் பார்த்தார்.

"இதுக்கும் சட்டை கிடையாதா?"

"கிடையாது மாமா."

"சரி, ஒரு நாற்காலி கொண்டு வரச் சொல்லு. காத்து நல்லா வருது."