வினாத்தாளில் இல்லாத இராசாக்கள்

மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் விடத்தல்தீவுக் கரையை எளிதில் விட்டகல்வதில்லை. கண்டற் காடுகளின் ஓரத்தில் தோணிகள் கட்டுண்டு கிடக்கும் அந்நாட்களிலேதான் நத்தார் வருகின்றது. வைக்கோல் வேய்ந்த பாலன் குடிலின் மீது சிறுவர்கள் பஞ்சைப் பிய்த்து உறைபனியென்று தூவுவர். அங்கே உறைபனியைக் கண்டவர் எவருமிலர். ஆயினும் பனியில்லாத குடில் அவர்களுக்கு நிறைவு தருவதில்லை.

அத்தகைய நத்தார்க் காலத்து மாலையொன்றில் ஊர் இளைஞர்கள் வினாவிடைப் போட்டி நடத்தினர். செம்மூக்குக் கலைமான் றூடோல்ப் பிறந்த ஆண்டு எது? 1939, அமெரிக்க வணிக நிறுவனமொன்று பிள்ளைகளுக்கு இலவசமாய் வழங்கிய சிறு நூலில் அது பிறந்தது. 'சைலன்ட் நைட்' முதன்முதலிற் பாடப்பட்ட நாடு எது? ஒஸ்திரியா, ஆண்டு 1818. 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் நத்தார் எத்தனை முறை வருகின்றது? ஒரு முறையேனும் இல்லை. பிள்ளைகள் சளைக்காது விடையிறுத்தனர். 'நத்தார்' எந்த மொழிச் சொல் என்றபோது மட்டும் சிறிது தயங்கினர். போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்னும் சொல்லே நம் நாவில் அவ்வாறு திரிந்தது.

இறுதி வினா வந்தது. பாலனைக் காண வந்தவர் எத்தனை பேரென்று மத்தேயு எழுதுகின்றார்? "மூண்டு பேர்!" என்று பல குரல்கள் எழுந்தன. விடை தவறென்றான் போட்டியை நடத்திய இளைஞன். மத்தேயு எண்ணிக்கை கூறவில்லை. அவர்களை இராசாக்கள் என்றும் கூறவில்லை. ஞானிகள் என்றே குறிக்கின்றார். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்னும் மூன்று காணிக்கைகளை வைத்தே பிற்காலத்தார் மூவரென்று கொண்டனர்.

அப்போது பின்வாங்கிலிருந்து எண்பதைக் கடந்த முதியவரொருவரின் குரல் எழுந்தது: "அந்த மூண்டு பேரில ஒராள் நான், தம்பி." எல்லோரும் சிரித்தனர். அவரும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னது பொய்யன்று. இளமையில் 'மூவிராசாக்கள் நாடக'த்தில் அரசவேடமிட்டு ஆடியவர் அவர். மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்து மரபில் வந்த அந்நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966 இற் பதிப்பித்தார் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். முதியவரிடம் இருந்ததோ கையெழுத்துக் கொப்பி. 2008 யூலையில் அவ்வூர் படையினர் வசமானது; அந்தப் போர்க்காலத்து இடப்பெயர்வில் அக்கொப்பி தொலைந்து போயிற்று.

கலைமானைப் பற்றி அறிவது இழிவன்று. நத்தார் என்னும் சொல்லும் கடல் கடந்து வந்ததே. மூவிராசாக்களும் அவ்வாறு வந்தவர்களே. அயலிலிருந்து வருவதை ஏற்றல் அக்கரை மக்களுக்குப் புதியதன்று. ஆயின் ஒரு வேறுபாடுண்டு. றூடோல்ப் பிறந்த ஆண்டை இன்று மறந்தாலும் நாளை தேடி அறியலாம். மூவிராசாக்களின் பாடற் சொற்களையும் அச்சு காத்துவைத்திருக்கின்றது. அச்சொற்கள் அவ்வூர் அரங்கில் ஒலித்த மெட்டோ ஒரு முதியவரின் தொண்டையில் மட்டுமே தங்கியிருக்கின்றது. அவருக்குப்பின் அதனைத் தேட இடமில்லை.

"பாடுங்கோ, அப்பு" என்று இளைஞன் வேண்டினான். முதியவர் எழுந்து, வாங்கைப் பிடித்துக்கொண்டு, அரசன் சபைக்கு வரும் பாட்டைத் தொடங்கினார். இரண்டாம் அடியில் மூச்சு முட்டிற்று. சற்று நின்று மீண்டும் தொடங்கி முடித்தார். சிரிப்பு அடங்கியிருந்தது. இளைஞன் வினாத்தாளின் பின்புறத்தில் விரைந்து எழுதினான். சொற்கள் தாளில் நின்றன, மெட்டு நிற்கவில்லை.

"நாளைக்கு வீட்டை வரட்டோ, அப்பு?" என்று கேட்டான்.

"மழையெண்டாலும் வா, தம்பி" என்றார் அவர்.