கரும்பலகைக்கு ஓரமாய் ஒரு ஆசிரியர்

ஜப்பானில், நாகானோவின் மலையூர் ஒன்றில் அரசுத் தொடக்கப்பள்ளி. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த செருப்பை மாட்டினேன். குதிகால் வெளியேதான் நின்றது. நான் பார்க்கப் போன ஜமைக்காப் பெண் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லித்தரக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அங்கே இந்த வேலையை ஏ.எல்.டி. என்கிறார்கள்; துணை மொழி ஆசிரியர். 1987இல் அரசு தொடங்கிய 'ஜெட்' திட்டத்தில் வருபவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம், நீட்டித்தாலும் ஐந்தாண்டுதான். இவர் அந்த வழியில் வந்தவரல்ல. கல்வி வாரியத்திடம் ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம் ஒன்று அனுப்பியவர்.

ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமானது 2020இல்தான். பெரும்பாலும் கணக்கும் அறிவியலும் நடத்தும் வகுப்பாசிரியரே இதையும் நடத்த வேண்டும்; அவருக்குத் துணையாகத்தான் இவர். பிள்ளைகள் எழுந்து குனிந்து வணங்க, 45 நிமிடப் பாடம் தொடங்கியது. உணவகத்தில் கேட்டு வாங்கும் பயிற்சி. முதலில் வாயைத் திறக்க யாருக்கும் துணிச்சலில்லை. தப்பாகிவிடுமோ என்ற கூச்சம். இவர் பிள்ளைகளை விட்டுவிட்டு வகுப்பாசிரியரிடம் திரும்பி, "வாட் உட் யூ லைக்?" என்றார். மனிதர் திணறினார், நெற்றியைத் தேய்த்தார், பாதி வாக்கியம் சொன்னார். இவர் திருத்தவில்லை. பரிமாறுபவர் போல அதே வாக்கியத்தை முழுதாகத் திருப்பிச் சொல்லி, காகிதப் பீட்சாவை நீட்டினார். வகுப்பே சிரித்தது. அடுத்த நொடி ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன.

நான் கண்ட தொழில் நுணுக்கம் இதுதான். பிள்ளைகள் முன்னால் ஆசிரியரையே தடுமாற வைக்க வேண்டும். அவர் மானமும் போகக் கூடாது. இருவரும் நன்றாகப் பேசிவைத்தாலொழிய இது நடக்காது.

ஆனால் அவருடைய ஒப்பந்தம் பணியை மொத்தமாக நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வகை. அதன்படி பள்ளி ஆசிரியர் இவரிடம் நேரடியாக 'இப்படிச் செய்யுங்கள்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் தொழிலாளர் சட்டப்படி போலி ஒப்பந்தம் ஆகிவிடும். சொல்வதெல்லாம் நிறுவனம் வழியாகப் போக வேண்டும். ஒரே வகுப்பில் நிற்கும் இருவர் பேசிக்கொள்ள மூன்றாமவர் தயவு! தொழிலாளியைக் காக்கும் சட்டம்தான், குறை சொல்வதற்கில்லை. அதைக் கொண்டுபோய் வகுப்பறையில் பொருத்தியதுதான் கோளாறு. ஆளை வாரியமே நேரடியாக வேலைக்கு எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. அப்படி எடுக்கும் ஊர்களும் உண்டு.

மதியம் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் போட்ட பிள்ளைகளே சோறும் குழம்பும் பரிமாறினார்கள். ஒப்பந்தப்படி அது இவருடைய ஓய்வு நேரம். இருந்தும் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். காலையில் வாயே திறக்காத ஒரு சிறுமி, ஜமைக்காவில் பனி பெய்யுமா என்று பாதி ஜப்பானியத்திலும் பாதி ஆங்கிலத்திலும் கேட்டாள்.

ஏப்ரலில் புதுக் கல்வியாண்டு. அதற்குள் டெண்டர் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். அந்த வகுப்பாசிரியரும் மாற்றலாகலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது அங்கே வழக்கம். "மார்ச் கடைசியில்தான் தெரியும்" என்ற ஜமைக்காப் பெண், மூன்றாம் வகுப்புக்கு விலங்குப் படச் சீட்டுகள் வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினார்.